ஆறு வீட்டு மிட்டாயும் ஒரு காசும்

ஹாலோவீன் என்கிற வார்த்தையை நான் முதன்முதலில் கேட்டது ஏணி மேல் நிற்கும்போது. துபாயில் ஒரு வில்லா காம்பவுண்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். நாற்பது வில்லா, ஒரு நீச்சல் குளம், கேட்டை ஒட்டி ஒரு மளிகைக் கடை, பம்ப் ரூமுக்குப் பின்னால் எங்கள் ஆறு பேருக்கு ஒரு ரூம். அக்டோபர் கடைசியில் ஒரு வீட்டுக்கு ஃபில்டர் கழுவப் போனேன். ஏணியில் ஏறி கிரில்லைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், மூக்குக்கு நேரே ஒரு எலும்புக்கூடு ஆடுகிறது. "எம்மோ!" என்று நான் போட்ட சத்தத்தில் ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்து தரை ஓட்டில் ஒரு சில்லு தெறித்தது. மாடிப்படியிலிருந்து கயிறு கட்டி அதை இறக்கிவிட்ட அந்த வீட்டுப் பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். அவர்களுடைய அம்மா ஓடிவந்து "சாரி, ஹாலோவீன், ஹாலோவீன்" என்றாள். என்ன இழவோ என்று இறங்கி வந்துவிட்டேன்.

கடைக்காரரிடம் கேட்டேன். காயல்பட்டினத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். எனக்கு ஊர் திருச்செந்தூர்ப் பக்கம். நாட்டில் எங்கள் இரண்டு ஊருக்கும் நடுவில் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான்.

"அது பேய்ப் பெருநாள் தம்பி," என்றார் காக்கா. "பிள்ளைங்க வேஷம் போட்டுக்கிட்டு வீடு வீடாப் போய் மிட்டாய் கேக்கும். எவன் வீட்டு வாசல்ல லைட்டு எரியுதோ அங்க போய்க் கேக்கலாம். அணைச்சிருந்தா தட்டக் கூடாது. அம்புட்டுத்தான்."

அதற்கடுத்த வருடங்களில் எனக்கும் அந்தப் பெருநாள் பழகிவிட்டது. வாசல் விளக்குக்கு பல்பு மாற்றுவது நான்தான். பஞ்சு மாதிரி ஒரு சிலந்தி வலை விற்பார்கள், அதைச் சுவரெல்லாம் இழுத்து ஒட்டுவார்கள். ஏசி அதை உறிஞ்சி ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். மறுநாள் காலை எட்டு மணிக்கே "கூலிங் இல்லை" என்று பதினைந்து கம்ப்ளைன்ட் வரும். மஞ்சள் பூசணிக்காயைக் குடைந்து கண்ணும் பல்லும் வெட்டி உள்ளே மெழுகுவர்த்தி வைப்பார்கள். எங்கள் பக்கம் புதுவீட்டு முகப்பில் ராட்சச முகம் வரைந்து திருஷ்டிக்குத் தொங்கவிடுகிற பூசணி மாதிரிதான். ஆனால் குடைந்த சதையைக் குப்பையில் கொட்டுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு போய் வாங்கி வந்து ரூமில் புளிக்குழம்பு வைத்தேன். இரண்டு நாள் ஆறு பேரும் அதையே தின்றோம். மூன்றாம் நாள் எல்லாரும் சேர்ந்து என்னைத் திட்டினார்கள்.

இது வரைக்கும் வேடிக்கை. இனிமேல் என் கதை.

எங்கள் பக்கத்தில் குலசேகரப்பட்டினத்தில் முத்தாரம்மன் கோயில் தசரா உண்டு. குலசை தசரா என்றால் தெற்கே எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் விரதம் இருந்து வேஷம் போடுவார்கள். காளி, குரங்கு, கரடி, போலீஸ், குறத்தி, பிச்சைக்காரன் என்று என்ன வேஷம் நேர்ந்தார்களோ அது. அந்த வேஷத்தோடு ஊர் ஊராகப் போய் தர்மம் கேட்டு, கிடைத்ததைக் கொண்டுவந்து உண்டியலில் போடுவார்கள். கார் பங்களா வைத்திருக்கிறவர்கூட கிழிந்த துணி கட்டிக்கொண்டு தட்டேந்துவார்.

என் மனைவிக்கு இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியபோது நான் துபாயில் இருந்தேன். போனில் அவள் அழுதாள். போனை வைத்துவிட்டு அங்கேயே நின்று நேர்ந்துகொண்டேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தால் பிச்சைக்கார வேஷம் போட்டு ஏழு ஊரில் கை நீட்டுகிறேன் தாயே என்று. காளி வேஷம் கேட்டிருக்கலாம், குரங்கு வேஷம் கேட்டிருக்கலாம். எனக்கு எது முடியாதோ அதைக் கொடுத்தால்தான் அம்மன் மனம் இறங்குவாள் என்று தோன்றியது. பசித்தால்கூட அடுத்தவனிடம் ஒரு பீடி கேட்கமாட்டேன், அப்படி ஒரு வீம்பு பிடித்தவன் நான். சோற்றுக்கு இல்லாத காலத்திலும் என் அப்பன் எவன் வாசலிலும் நிற்கவில்லை. அந்த ரத்தம்.

பெண் பிறந்தாள். நேர்ச்சை அப்படியே நின்றது. காரணம் சாமி இல்லை, ஏசி. ஏசி மெக்கானிக்குக் குளிர்காலத்தில்தான் லீவு. ஏப்ரல் முதல் நவம்பர் வரைக்கும் லீவு என்று வாயைத் திறக்கக் கூடாது. தசராவோ புரட்டாசி ஐப்பசியில் வரும். முதல் வருடம் கேட்டேன், மாஃபி, இல்லை என்றார்கள். இரண்டாம் வருடம் கேட்டேன், மாஃபி. மூன்றாம் வருடம் எப்படியும் கிடைத்துவிடும் என்று நம்பி மீனும் கறியும் விட்டு விரதமே தொடங்கிவிட்டேன். ஒரு கட்டடத்தின் மெஷின் மொத்தமும் கெட்டுப்போனது, அந்த லீவும் போனது. தசரா அன்றைக்கு நான் மொட்டை மாடியில் கம்ப்ரசருக்குள் தலையைக் கொடுத்துக் கொண்டிருந்தேன். அழுகை வந்தது. ஆத்திரத்தில் ஸ்பேனரை விட்டெறிந்தேன், அதுவும் பக்கத்துக் கட்டடத்தில் போய் விழுந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மனைவி போனில் சொன்னாள். பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல், மறுபடியும் வலிப்பு. அது மூன்றாவது தடவை.

"டாக்டர் என்ன சொல்லுதாரு?"

"அஞ்சு வயசுக்கு மேல தானா நின்னுரும்ங்காரு. அவரு சொல்லிட்டுப் போயிருவாரு. கண்ணு சொருகி வாய் கோணி என் மடியில கிடக்குறத நானுல்லா பாக்கேன்." கொஞ்சம் மூச்சு விட்டுவிட்டுச் சொன்னாள். "அம்மன் கேக்கா. நீங்க குடுக்கல, அதான் கேக்கா. உங்களுக்கு லீவு கிடைக்காதுன்னா சொல்லுங்க. வார தசராவுக்கு நான் மடியேந்துதேன்."

"ஏ பிள்ள, வாய மூடு. நேந்தது நான். நீ எவன் வாசல்லயும் நிக்க வேண்டாம்."

"அப்ப நீங்க வாங்க."

போனை வைத்துவிட்டாள். எனக்கு டாக்டர் சொன்னதில் நம்பிக்கை உண்டு. ஆனால் மூன்று வயதுப் பிள்ளை அங்கே துடிக்கிறது, நேர்ந்தவன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். எந்த நம்பிக்கை எவ்வளவு நேரம் தாங்கும்?

இன்னும் ஐந்து நாளில் பேய்ப் பெருநாள். வாசல் விளக்குக்கு பல்பு மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. வேஷம் போட்டு வீடு வீடாகக் கேட்கிற நாள் இங்கேயும் ஒன்று இருக்கிறதே. விரதத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. ஏழு ஊருக்கு எங்கே போவது? காம்பவுண்டில் இல்லாத தேசமா? இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, லெபனான், எகிப்து, பிலிப்பைன்ஸ் என்று ஒரு தேசத்துக்கு ஒரு வீடு. ஏழாவதுக்கு இந்தியா. அதுவும் நம்ம தமிழர் வீடு, சென்னைக்காரர். எப்போதும் தண்ணீர் ஒழுகுகிற ஏசி அவர் வீட்டில். போகும்போதெல்லாம் "டீ சாப்பிட்டுப் போப்பா" என்பார். ஏழு ஊர் என்ன, ஏழு நாட்டிலேயே எடுக்கலாம்.

காக்காவிடம் சொன்னேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்குக் கிறுக்கா? இந்த நாட்டுல பிச்சை எடுத்தாப் புடிச்சு உள்ள போடுவான். அடுத்த ப்ளைட்ல ஊருக்கு ஏத்திருவான். கிளீனர் ஒருத்தன் பார்க்கிங்ல கை நீட்டுனது ஞாபகமில்லையா? மறுநாள் ஆளே இல்ல."

"அன்னைக்கு எல்லாரும் கேப்பாவல்லா காக்கா? கூட்டத்தோட கூட்டமா நானும் போறேன்."

காக்கா தராசைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "நேர்ச்சை நேர்ச்சைதான். அத நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன். ஆனா சூதானமா இரு," என்றார்.

பெருநாள் அன்றைக்குச் சாயங்காலம் டூட்டி முடிந்து குளித்தேன். கிழிந்த கைலி, கிரீஸ் துடைக்கிற பனியன், மூஞ்சியில் அடுப்புக்கரி, தோளில் ஒரு சாக்கு, கையில் ரூமில் சோறு தின்கிற அலுமினியத் தட்டு. தெற்குப் பக்கம் திரும்பி அம்மனைக் கும்பிட்டேன். ஊர் எந்தத் திசை என்று சரியாகத் தெரியாது, குத்துமதிப்பாகத்தான்.

முதல் வீட்டில் சூனியக்காரிகள் நாலு பேரும் ஒரு டைனோசரும் எனக்கு முன்னால் நின்றார்கள். என் முறை வந்தது. தட்டை நீட்டி, வாய்விட்டு, தமிழிலேயே, "தாயே, தர்மம் போடுங்க" என்றேன். அந்த இங்கிலீஷ்கார அம்மா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினாள். புருஷனை வேறு கூப்பிட்டுக் காட்டினாள். "ஃபென்டாஸ்டிக்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு கை நிறைய மிட்டாய் அள்ளிப் போட்டாள். ஆஸ்திரேலியாக்காரர் போட்டோ எடுத்தார். எகிப்துக்காரர் வீட்டில் கதவைத் திறந்த குட்டிப் பையன் என்னைப் பார்த்து அலறிக்கொண்டு உள்ளே ஓடினான், அவன் அக்கா வந்து மிட்டாய் போட்டாள். ஆறு வீடு அரை மணி நேரத்தில் முடிந்தது. எனக்கே ஆச்சரியம். இதற்கா மூன்று வருடம் பயந்தோம்! கொஞ்சம் குஷிகூட வந்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஏழாவது வீடு. விளக்கு எரிந்தது. சென்னைக்காரரே கதவைத் திறந்தார்.

"தாயே, தர்மம் போடுங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நீ ஏசி மெக்கானிக்தானே?"

"ஆமா சார்."

"என்னப்பா இது? சம்பளம் போடலியா?"

"அதெல்லாம் போடுதாவ சார். இது வந்து..." வெள்ளைக்காரர் முன்னால் கூசாத உடம்பு, தமிழில் ஒரு கேள்வி கேட்டதும் கூசிப்போனது.

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஏற்கெனவே நம்ம ஆளுங்கன்னா இங்க இளக்காரம். நீ வேற தட்டத் தூக்கிட்டு வீடு வீடாப் போனா எங்களுக்கு என்னப்பா மரியாதை? போ, போய் மூஞ்சியக் கழுவு." கதவைச் சாத்தினார். அப்புறம் வாசல் விளக்கும் அணைந்தது. காலையில் நான் மாட்டிய பல்பு அது.

வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் வரவில்லை. ரூமுக்குத் திரும்பி மூஞ்சியைக் கழுவினேன்.

மறுநாள் காலை மேனேஜர் கூப்பிட்டாள். லெபனான்காரி, சிகரெட் குடித்துக் கரகரத்த குரல். கெட்டிக்காரி, நியாயக்காரி, ஆனால் விதி என்றால் விதிதான். மேஜை மேல் என் பைல் இருந்தது. குடியிருக்கிற ஒருவர் போன் பண்ணினாராம், உங்கள் ஆள் வீடு வீடாகப் பிச்சை எடுக்கிறான் என்று.

"பிச்சை எடுத்தாயா?" என்று கேட்டாள். "உண்மையைச் சொல். உண்மையாகப் பிச்சை எடுத்திருந்தால் நான் உன்னை வைத்துக்கொள்ள முடியாது."

ஆமாம் மேடம், உண்மையாகத்தான் எடுத்தேன் என்று சொன்னால் வேலை போச்சு. வேலை போனால் பிள்ளைக்கு வைத்தியம் போச்சு. இல்லை என்று சொன்னால், எடுத்ததெல்லாம் பொய் என்று என் வாயாலேயே சொன்ன மாதிரி. அம்மனும் கேட்டுக்கொண்டுதானே இருப்பாள்?

"கேம் மேடம்," என்றேன். "ஒன்லி கேம். ஹாலோவீன்."

அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். இங்கிலீஷ்கார அம்மாவும் போன் பண்ணினாளாம், உங்கள் ஏசிக்காரர்தான் இந்த வருடம் நல்ல வேஷம் என்று. "யல்லா, கலாஸ். முடிந்தது, போய் வேலையைப் பார்," என்று பைலை மூடினாள்.

வேலை பிழைத்தது. நான் பிழைக்கவில்லை. அன்றைக்குப் பதினேழு வீட்டில் ஃபில்டரிலிருந்து சிலந்தி வலை உரித்தேன். ஒவ்வொன்றையும் உரிக்க உரிக்க அதே நினைப்பு. ஆறு வீட்டுப் பிச்சையும் விளையாட்டாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் மேடத்திடம் நான் சொன்னது பொய்யும் இல்லை. மூஞ்சியில் கரியைப் பூசிக்கொண்டு, கைதட்டல் வாங்கிக்கொண்டு, குஷியாகத்தானே போனேன்? கை நீட்டுகிற வலியை நான் கொடுக்கவே இல்லை. முடியாததைத் தருகிறேன் என்று நேர்ந்துவிட்டு, முடிந்ததைத் தந்து ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். என்ன திமிர் எனக்கு!

சாயங்காலம் ஆறு மணிக்குக் காக்கா கடையில் கூட்டமாக இருக்கும். அந்த நேரம் வரட்டும் என்று காத்திருந்தேன். கம்பெனி யூனிபார்ம், சட்டைப் பையில் என் போட்டோ ஒட்டிய பேட்ஜ், காலில் சேஃப்டி ஷூ. எதையும் கழற்றவில்லை. ரூமிலிருந்து அந்தத் தட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். கடையில் இரண்டு டிரைவர்கள், வாட்ச்மேன், ரொட்டி வாங்க வந்த வேலைக்காரப் பெண், கையில் தயிர் டப்பாவோடு சென்னைக்காரர். அவரைப் பார்த்ததும் திரும்பிவிடத்தான் நினைத்தேன். இவர் மறுபடி போன் பண்ணினால் இந்தத் தடவை சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது. பெருநாள் நேற்றோடு முடிந்துவிட்டது.

கல்லாவுக்கு நேரே போய்த் தட்டை நீட்டினேன். தட்டு மேஜை விளிம்பில் இடித்தது.

"தாயே, தர்மம் போடுங்க."

ரொட்டி வாங்க வந்த பெண் திரும்பிப் பார்த்தாள். காது இரண்டும் எரிந்தன. என் அப்பன் முகம் வந்து போனது. காக்கா என்னையே பார்த்தார். என்ன தம்பி என்று கேட்கவில்லை. சிரிக்கவில்லை. எழுந்து நின்று, சட்டைப் பையில் துழாவி ஒரு திர்ஹம் காசை எடுத்துத் தட்டில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார்.

"உன் சாமிக்குன்னு போடல தம்பி," என்றார். "கேட்டு வந்தவன வெறுங்கையோட அனுப்பப்படாதுன்னு எங்க வாப்பா சொல்லுவாஹ. தசராவுக்கு எங்க கடைத்தெருவுக்கு வாரவங்களுக்கும் அப்படித்தான் போடுவாஹ."

சென்னைக்காரர் பாக்கெட்டுக்குள் கையை விட்டார். அப்புறம் ஒன்றும் எடுக்காமலே கையை வெளியே எடுத்து, தயிருக்குப் பணம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் யாருக்கும் போன் பண்ணவில்லை. அடுத்த வாரம் ஏசி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார், போனேன், டீ கொடுத்தார். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மிட்டாய் மூட்டையைக் காக்காவின் ஐஸ்க்ரீம் பெட்டியில் வைத்திருந்தேன். ஜனவரியில் லீவு கிடைத்தது. காசைத் துணியில் முடிந்து பர்ஸில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பிள்ளை கதையை இப்போதே சொல்லிவிடுகிறேன். வலிப்பு அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்தது. ஐந்து வயதுக்கு மேல் வரவில்லை, டாக்டர் சொன்ன மாதிரியே. இப்போது நல்ல பேச்சு பேசுகிறாள், என்னைவிடக் கோபம் அதிகம்.

ஊருக்குப் போன நாலாம் நாள் மூன்று பேருமாகக் குலசைக்குப் போனோம். தை மாதத்தில் அங்கே ஈ காக்கா கிடையாது. முடிச்சை அவிழ்த்து அந்த ஒரு திர்ஹத்தை உண்டியலில் போட்டேன். அது உள்ளே விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு மனைவி அடுத்ததுக்குக் காத்திருந்தாள்.

"ஏழு ஊருல எடுத்தது இம்புட்டுத்தானா?"

"மிச்சமெல்லாம் மிட்டாய். உன் மக நாலு நாளா தின்னுக்கிட்டு இருக்காளே, அதான்."

"அம்மனுக்கு உள்ளதையா புள்ளைக்குக் குடுத்திய?" அவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

கோயில் வாசலில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வேஷம் போட்டது, ஏழாவது வீட்டில் விளக்கு அணைந்தது, மேடத்திடம் விளையாட்டு என்று சொன்னது, கடையில் போய் நின்றது. தர்மம் எடுத்துவிட்டேன் என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தேன், இதையெல்லாம் சொல்ல எனக்குத் தைரியம் இருந்ததில்லை. "விளையாட்டுன்னு என் வாயால சொல்லிட்டேன் பிள்ள. பிறவு அத எப்படி அம்மனுக்குக் கொண்டுவாரது? கடையில கிடைச்ச காசு மட்டுந்தான் பிச்சை. ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

அவள் முந்தானையால் பிள்ளையின் வாயில் ஒட்டியிருந்த சாக்லேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடையில எல்லாரும் பாக்கக் கை நீட்டுனியளே. அப்ப எப்படி இருந்துச்சு?"

அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"செத்துரலாம்னு இருந்துச்சு."

"அப்ப அம்மனுக்குச் சேந்துட்டு," என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.